ஒருமுறைதான் கேட்பார்கள்

ஏசி நின்றுவிட்டது. மணி இரண்டாகியிருக்க வேண்டும். இந்த விடுதியில் எல்லாம் சூரிய மின்சாரம், இரண்டிலிருந்து நான்கு வரை ஏசி ஓடாது, தலைக்கு மேல் மூங்கில் விசிறி மட்டும் சோம்பலாகச் சுற்றும், வந்த அன்றே படகுத்துறையில் வைத்துச் சொல்லிவிட்டார்கள். நின்ற பிறகுதான் அது இவ்வளவு நேரம் இரைந்துகொண்டிருந்தது உறைக்கிறது. இப்போது அந்த இடத்தில் கடல் வந்து உட்கார்ந்துகொண்டது, கடலுக்குள்ளிருந்து சன்னமாக ஒரு குறட்டை. பக்கத்துக் கட்டிலில் மரகதம் அம்மாள் தூங்குகிறாள். என் மருமகள் தாரணியின் அம்மா. என் சம்பந்தி. கொசுவலைக்குள் மல்லாந்து, வாய் லேசாகத் திறந்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாதவர்கள் தூங்குகிற மாதிரி. எனக்கு எழுபத்திரண்டு, அவளுக்கு எழுபது. இரண்டு வயது வித்தியாசத்தில் இப்படி ஒரு தூக்கம் போய்விடுமா என்ன. நான் இருபது வயதிலும் இப்படித் தூங்கியதில்லை. பாம்பு மாதிரி காது திறந்தே கிடக்கும். என் மகன் எழிலனும் தாரணியும் அடுத்த குடிலில் இருக்கிறார்கள், இடையில் ஒரு மரப்பலகைப் பாதை, நாற்பது பலகை இருக்கும், நான் எண்ணியிருக்கிறேன். நாலரைக்குக் கடல் வற்றும். வற்றியதும் இங்கே தங்க வந்தவர்கள் ஆளுக்கொரு கண்டல் கன்று, அலையாத்திக் கன்று, சேற்றில் நட வேண்டும், அதற்குக் கூப்பிட வருகிறேன் என்று எழில் சொல்லியிருக்கிறான். நாளைக் காலையில் படகு, பிறகு போர்ட் பிளேர், பிறகு விமானம், சென்னை. சென்னையில் அவர்கள் மூன்று பேரும் கோயம்புத்தூர் விமானத்துக்குப் போவார்கள். நான் திருச்சி ரயிலுக்கு. மூன்று பேர் ஒரு பக்கம், ஒரு ஆள் ஒரு பக்கம். தராசு தூக்கிப் பிடித்தமாதிரி இருக்கிறது. அவள் புரண்டாள். கட்டில்கூட அவளுக்குத் தோதாக ஒலி எழுப்பாமல் இருக்கிறது.

பசிக்கிறது. இதை யாரிடம் சொல்வது, இவ்வளவு பெரிய இடத்தில், பதினெட்டு வகைச் சாப்பாடு வைக்கிற இடத்தில், மூன்று நாளாக எனக்குப் பசிக்கிறது. சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் கரும்பலகை ஒன்று வைத்திருக்கிறார்கள். நேற்று தட்டுகளில் மிஞ்சியது மூன்று கிலோ இருநூறு கிராம், இன்று அதைவிடக் குறைப்போம் என்று நான்கு மொழியில் எழுதியிருக்கிறது. அதனால் பரிமாறுகிறவர்கள் ஒருமுறைதான் கேட்பார்கள். திபங்கர் என்று ஒருவர், வங்காளி, மீசை நரைத்தவர், தீவிலேயே பிறந்து வளர்ந்ததால் தமிழ் பேசுகிறார், அவர்தான் எங்கள் மேசைக்கு. "அம்மா, மீன் வைக்கவா?" என்பார். நான் "போதும், போதும்" என்பேன். அவர் தலையைச் சாய்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். அவ்வளவுதான். மரியாதையாக நகர்ந்துவிடுவார். இன்றும் அப்படியே. சோறு ஒரு கரண்டி, "இன்னும்?" "போதும்." போய்விட்டார். தேங்காய்ப் பால் போட்டுக் காய்கறி, நல்ல மணம், கறிவேப்பிலை பொரிந்த மணம், "வைக்கவா?" "ஐயோ, வேண்டாம், வயிறு நிறைஞ்சிடுச்சு." போய்விட்டார். என் கை தட்டுக்கு மேலே குடை பிடித்தபடி அப்படியே நின்றது. விரல்களுக்கு நடுவில் இடைவெளி வேறு. எதற்கு அந்த இடைவெளி? எங்கள் பக்கத்துப் பந்தியில் போதும் என்று இலைக்கு மேல் கையை விரிக்கிறவர்கள் எல்லோரும் விரல்களுக்கு நடுவே நெய் இறங்க வழிவிட்டுத்தான் விரிப்பார்கள். பரிமாறுகிறவனுக்கும் அது தெரியும். திபங்கருக்குத் தெரியாது. மரகதம் அம்மாள் எனக்கு எதிரே உட்கார்ந்து, "அந்தக் கொழம்பை இன்னொருக்கா ஊத்துங்க சாமி, இந்தப் பக்கம் காஞ்சு கெடக்குது பாருங்க" என்று சோற்றில் குழி பறித்துக் காட்டினாள். திபங்கருக்கு முகமெல்லாம் சிரிப்பு. எழிலுக்கும். அவள் தட்டில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை. என் தட்டிலும்தான் மிஞ்சவில்லை, அதை யார் பார்த்தார்கள்.

கும்பகோணத்துக் கல்யாணம் ஒன்றில், எனக்கு எட்டு வயது இருக்கும், அம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தொடையில் கிள்ளினாள். பாயசம் வந்தது, நான் உடனே "ம்" என்றேன், அதற்குத்தான் கிள்ளு. வீட்டுக்கு வந்து சொன்னாள், முதல் தடவை கேட்டா வேண்டாம்னு சொல்லணும், இரண்டாம் தடவை கேட்டா பேசாம இருக்கணும், மூணாந்தடவை அவங்களே ஊத்துவாங்க, அப்ப கையை எடுத்துக்கலாம், உடனே தலையாட்டினா அலைஞ்சதுன்னு பேர் வரும். அலைஞ்சது. அந்தச் சொல்லின் ஒலியே ஒரு மாதிரி, நாக்கு வெளியே தொங்குகிற மாதிரி. அதன்பிறகு நான் எதற்கும் உடனே தலையாட்டியதில்லை. கல்லூரிக்கு அனுப்பட்டுமா என்று அப்பா கேட்டபோது வேண்டாம்ப்பா என்றேன், அவர் இரண்டாம் முறை கேட்டார், நல்லவேளை கேட்டார். நூலகர் வேலைக்குப் போகிறாயா என்று கல்லூரி முதல்வர் அம்மா கேட்டபோது எனக்கு எதற்குங்க என்றேன். அவர் சிரித்துக்கொண்டே உத்தரவைக் கையில் கொடுத்தார். எல்லோருக்கும் கணக்குத் தெரிந்த காலம் அது. இவருக்கு, என் வீட்டுக்காரருக்கு, நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் "காவேரிக்குப் போலாமா?" என்பார், "எனக்கு வேலை இருக்கு" என்பேன், அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று மறுபடியும் "தையலு, காத்து நல்லா அடிக்குது" என்பார். அது இரண்டாம் முறை. மூன்றாம் முறைக்கு அவர் பேசவே மாட்டார், என் செருப்பை எடுத்துத் திருப்பி வைப்பார். போய் ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. செருப்பு வைத்த இடத்திலேயே இருக்கிறது.

அந்த நாள் எழில் நின்றுகொண்டே காபி குடித்தான். உறையூர் வீட்டுச் சமையல்கட்டில், மேடையில் சாய்ந்துகொண்டு, மூன்று வருஷம் முன்பு, தை மாதம், நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். "அம்மா, கோயம்புத்தூர்லயே வடவள்ளியில இடம் பார்த்துட்டோம். வீடு கட்டப்போறோம். கட்டி முடிச்சதும் நீ எங்களோட வந்துடறியா?" என்றான். எனக்குள் என்னவோ எழுந்து நின்றது, உட்கார்ந்த இடத்திலிருந்தே, நெஞ்செல்லாம் வெளிச்சமாக. வாய் என்ன சொன்னது தெரியுமா. "நான் எதுக்குப்பா உங்களுக்கு இடைஞ்சலா? எனக்கு இங்க புத்தகம் இருக்கு, நாலு பேர் தெரிஞ்சவங்க இருக்காங்க. ஜன்னலைத் திறந்தா மலைக்கோட்டை தெரியுது." சொல்லிவிட்டுக் கீரையைப் பார்த்தேன். காம்பைக் கிள்ளினேன். அவன் இரண்டாம் முறை கேட்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று உள்ளே ஒன்று எண்ணிக்கொண்டிருந்தது. அவன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். அந்தச் சத்தம், எவர்சில்வர் கருங்கல்லில் படுகிற அந்த ஒற்றைச் சத்தம், இப்போதும் கேட்கிறது. "சரிம்மா. உன் இஷ்டம்" என்றான். சரிம்மா. வாசலில் ஷூ மாட்டும்போது கேட்பான் என்று போய் நின்றேன். ஆட்டோவில் ஏறும்போது கேட்பான் என்று கேட்டைப் பிடித்துக்கொண்டேன். போய்ச் சேர்ந்ததும் போன் செய்வான், அப்போது. அடுத்த பொங்கலுக்கு வருவான், அப்போது. அஸ்திவாரம் போட்டபோது, தளம் போட்டபோது, கிரகப்பிரவேசத்தில் நான் பால் பானையைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தேனே, பால் பொங்கி என் கை சுட்டது, "பார்த்தும்மா!" என்றான், அவ்வளவுதான். இரண்டாம் முறைக்கு என்ன சொல்ல வேண்டும், மூன்றாம் முறைக்கு எப்படிக் கையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் மனசில் எழுதி எழுதி அழித்தாயிற்று. மூன்று வருஷமாக விரலை விரித்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். வலிக்கிறது.

அவனைச் சொல்லி என்ன பயன். யார் அவனை அப்படி வளர்த்தது? ஆறு வயதில் லால்குடியில் ஒரு விருந்து, ஆளாளுக்கு அவன் இலையில் வைத்தார்கள், அவன் வேண்டாம் வேண்டாம் என்று அழ அழ வைத்தார்கள், ஜாங்கிரி, இன்னொரு ஜாங்கிரி, குழந்தைக்கு வைக்காம யாருக்கு வைக்கறது என்று. பஸ்ஸில் என் மடியில் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தான். அன்றைக்கு நான்தான், இந்தத் தையல்நாயகிதான், நாலு புத்தகம் படித்தவள் என்கிற கர்வத்தோடு அவன் வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னேன், ஒருத்தர் வேண்டாம்னு சொன்னா அதை மதிக்கணும் எழிலு, திருப்பித் திருப்பிக் கேட்கறது அசிங்கம், நீ யாரையும் அப்படிச் செய்யாதே. ஒரே ஒரு தடவை சொன்னேன். அவன் பிடித்துக்கொண்டான். நல்ல பிள்ளை. அதன்பிறகு யாரிடமும் எதையும் இரண்டாம் முறை கேட்டதில்லை, தாரணியிடம் கல்யாணத்துக்குக் கேட்டதுகூட ஒரே முறை என்று அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள். ஆக, எனக்கு அம்மா கற்றுக்கொடுத்தது ஒன்று, நான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது இன்னொன்று. இரண்டும் என் சமையல்கட்டில் முட்டிக்கொண்டன. இந்தப் பக்கம் பல்லி கத்துகிறது. இந்தத் தீவுப் பல்லிக்கு ஊர்ப் பல்லியைவிடக் கட்டைக்குரல். கூரை பனையோலை, சுவர் மூங்கில், சோப்பு வைக்கத் தேங்காய்ச் சிரட்டை, பல் தேய்க்க மூங்கில் குச்சியில் பிரஷ். வந்த அன்று மரகதம் அம்மாள் சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்கூட்டு மாட்டுச்சாளையும் இப்புடித்தானுங்க இருந்துச்சு சம்பந்தி, அதைப் பாக்க யாரும் ஏரோப்ளேன் ஏறி வரலீங்க" என்றாள். எழில் குனிந்து குனிந்து சிரித்தான். நான் இந்தக் கூரையில் மழை பெய்தால் எப்படிக் கேட்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் சிரித்திருக்க மாட்டான், "ஆமாம்மா" என்றிருப்பான்.

அவளுக்கு எட்டாம் வகுப்புதான். அதைச் சொல்வதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம், சொல்லிவிட்டு உடனே வெட்கம். கோபிக்குப் பக்கத்தில் மாடும் மஞ்சளுமாக வாழ்ந்தவள். படகுத்துறையில் இறங்கும்போது படகு ஆடியது. எழில் முதலில் குதித்து இறங்கித் திரும்பிக் கையை நீட்டினான். "அம்மா, பிடிச்சுக்கோ" என்றான் என்னிடம். "எனக்கு வேண்டாம்ப்பா, நான் வந்துடுவேன்" என்றேன். கை உடனே அவள் பக்கம் திரும்பிவிட்டது. அவள் கையை மட்டுமா கொடுத்தாள், ஆளையே கொடுத்துவிட்டாள், "புடிங்க மாப்ள, உட்டீங்கன்னா மீனுக்குத்தான்" என்று முழுப் பாரத்தோடு அவன்மேல் சாய்ந்து இறங்கினாள். மாலை போட்டு வரவேற்ற பெண் அவளைப் பார்த்து, "உங்க பையன் உங்களை எவ்வளவு நல்லா பார்த்துக்கறார்" என்றாள். மரகதம் உடனே என் முதுகில் கைவைத்து, "பையன் இவங்களுதுங்க, நானு சும்மா கடன் வாங்கிருக்கேன்" என்றாள். அந்தத் தாராளம் இருக்கிறதே, அதையும் என்னால் மன்னிக்க முடியவில்லை. நேற்று மீன். அவளுக்குக் கடல் மீன் பழக்கமில்லை, முள் தெரியாது. எழில் அவள் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு முள் எடுத்தான். நடு முள்ளை வாலிலிருந்து தூக்கி, ஓரத்துச் சன்ன முள்ளைக் கட்டை விரலால் தடவிப் பார்த்து, சதையைப் பிரித்து ஒரு பக்கம் ஒதுக்கி. தடவிப் பார்ப்பது என்னுடையது. கண்ணை நம்பாதே, விரலை நம்பு என்று நான் சொல்லிக்கொடுத்தது. பதினோரு வயது வரை நான் அவனுக்கு எடுத்த முள்ளெல்லாம் சேர்த்தால் ஒரு படகு செய்யலாம். "உனக்கும் எடுத்து வைக்கட்டுமாம்மா?" என்றான். "எனக்குத் தெரியாததா" என்றேன். "அதானே" என்றான். அவள் வாயில் என் கட்டைவிரல் போய்க்கொண்டிருந்தது.

அவளிடமும் ஒருமுறைதான் கேட்டிருக்கிறான். அதை அவளே சொன்னாள், வரும்போது படகில், காற்றில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு. "அத்தே, எங்ககூட வந்துருங்கன்னாரு மாப்ள. வர்றனுங்கன்னு சொல்லிப்போட்டேன். அன்னிக்கே மாட்டை வித்தாச்சுங்க. பிகு பண்றதுக்கெல்லாம் நமக்கு வயசு இருக்குதுங்களா, சொல்லுங்க." சொல்லுங்க என்றால் என்ன சொல்வது. கடலைப் பார்த்தேன். கடல் பச்சையாக இருந்தது. பொறாமையின் நிறம் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால் இனிமேல் சொல்வேன், பதினோரு மணி வெயிலில் கரைக்கு அருகில் இருக்கிற அந்தப் பச்சை, அடியில் மணல் தெரிகிற பச்சை. அவள் சாமான்கள் போன வாரமே வடவள்ளிக்குப் போய்விட்டன. கீழ்த்தளத்தில் கிழக்குப் பார்த்த அறை அவளுக்கு. அதற்கு எதிரே இன்னொரு அறை இருக்கிறது. கிரகப்பிரவேசத்தன்று அதன் ஜன்னலைத் திறந்து பார்த்தேன், மருதமலை தெரிந்தது, மலைக்கோட்டை போனால் மருதமலை என்று நினைத்தேன், அலமாரி எந்தச் சுவரில் என்றுகூட நினைத்தேன். நேற்று எழில் சாதாரணமாகச் சொன்னான், "அந்த ரூம் சும்மாதானேம்மா கிடக்கு, தாரணிக்கு ஆபீஸா மாத்திடறோம். புதன்கிழமை ஆசாரி வர்றார், சுவரோட சுவரா மேஜை அடிக்கப் போறோம்." நல்ல யோசனைப்பா என்றேன். இன்று ஞாயிறு. சுவரோடு சுவராக என்றால் பிறகு எடுக்க முடியாது.

பிப்ரவரியில் குளியலறையில் விழுந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. நினைக்க வேண்டாம் என்றால் அதுதான் வருகிறது, இந்த அறை நிசப்தமானதும் வருகிறது. வாளி உருண்டது, நான் பக்கவாட்டில் கிடந்தேன், எலும்பு ஒன்றும் முறியவில்லை, ஆனால் எழ முடியவில்லை. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டுக்கு நடுவிலுள்ள இடைவெளியை அளந்துகொண்டு கிடந்தேன், ஒன்று, இரண்டு, மூன்று, சொட்டு, ஒன்று, இரண்டு, மூன்று, சொட்டு, யாப்பு தவறவே இல்லை. கீழ் வீட்டுப் பெண் மொட்டை மாடியில் துணி உலர்த்த வந்தாள், செருப்புச் சத்தம் தலைக்கு மேலே போயிற்று, "ஆன்ட்டி, இருக்கீங்களா?" என்று கூப்பிட்டாள், என் வாய் "இருக்கேம்மா, ஒண்ணுமில்ல" என்றது. ஒண்ணுமில்ல! தரையில் கிடந்துகொண்டு! அவள் போய்விட்டாள். இரண்டாம் முறை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். முக்கால் மணி நேரம் கழித்து நானே வாளியைக் கவிழ்த்து, அதைப் பிடித்து எழுந்தேன். அன்றிலிருந்து குளிக்கும்போது தாழ் போடுவதில்லை. இங்கே குளியலறைக்குக் கூரை கிடையாது, வானம் பார்த்துக் குளிக்கிற ஏற்பாடு, தரையெல்லாம் கூழாங்கல். முதல் நாள் நான் போகும்போது மரகதம் அம்மாள் தன் துண்டை எடுத்துக் கூழாங்கல் மேல் விரித்தாள். எனக்கு ஏன் கோபம் வந்தது? விழுந்தது இவளுக்கு எப்படித் தெரியும் என்று கோபம். தெரிந்திருக்காது. நான் நடப்பதைப் பார்த்திருப்பாள். என் மகன் பார்க்காததை இவள் பார்த்திருப்பாள். அதுதான் கோபம். குறட்டை நின்றது. வெளியே கடலும் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது, இறங்கும் கடலின் ஒலி வேறு, இழுத்துக்கொண்டு போகிற ஒலி.

"தூங்கலீங்களா சம்பந்தி?" என்று கொசுவலைக்குள்ளிருந்து கேட்டாள்.

"தூங்கினேனே" என்றேன்.

"ஆமா ஆமா, தூங்குனீங்க. கட்டிலு ரெண்டு மணி நேரமா புலம்புது." எழுந்து உட்கார்ந்து கொண்டையை முடிந்தாள். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்தாள். படகுத்துறையில் பிளாஸ்டிக் பையையெல்லாம் பிடுங்கிக்கொண்டபோது, உள்ளே இருந்த கச்சாயத்தை அவள் பழைய வேட்டித் துணியில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அரிசியும் வெல்லமும் இடித்துச் சுட்டது, அவர்கள் பக்கத்துப் பலகாரம். வெல்ல வாசனை என் கொசுவலைக்குள் வந்து சுற்றியது. "ரெண்டு தின்னுங்க."

"வேண்டாம், வயிறு நிறைஞ்சிருக்கு."

"என்ன நெறஞ்சிருக்கு? நேத்து சாயங்காலம் கடக்கரையில உங்க வவுறுதான் சத்தம் போட்டுச்சு. நானு கடலுன்னு நெனச்சுட்டு இருந்தேன்." வலையை விலக்கிக்கொண்டு உள்ளே கையை நீட்டினாள். "புடிங்க."

"வேண்டாம்னேனே."

"உங்க வேண்டாம் எனக்குத் தெரியாதுங்களா? மூணு நாளா பாக்கறேன். தட்டுக்கு மேல கையை விரிச்சு வெச்சுட்டு அந்த மீசைக்காரர் போற தெசையையே பாத்துட்டு இருக்கறீங்க. எங்கூட்டுக்கு வந்தா இந்தக் கையைப் புடிச்சு முறுக்கி ஊட்டியுட்டிருப்பேன்." என் உள்ளங்கையில் இரண்டு கச்சாயத்தை வைத்து விரல்களை மூடிவிட்டாள்.

தின்றேன். அழுகை வருகிற மாதிரி ருசியாக இருந்தது. மூன்று நாளில் என்னை யாராவது இரண்டாம் முறை கேட்பார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன், இவள் மூன்றாம் முறையே கேட்டுவிட்டாள். ஏன் இவளாக இருக்க வேண்டும்? கேட்க வேண்டியவன் நாற்பது பலகைக்கு அந்தப் பக்கம் ஏதோ புத்தகம் படித்துக்கொண்டிருப்பான். கொடுக்கவும் தெரிந்திருக்கிறது, வாங்கவும் தெரிந்திருக்கிறது இவளுக்கு. எனக்கு இரண்டில் ஒன்றாவது தெரியுமா?

"ஏனுங்க" என்றாள், தன் பங்கைக் கடித்துக்கொண்டே, "நீங்களும் அங்க வந்தா நமக்குப் பேச்சுத் துணையாச்சுங்கள்ல? நானும் மாப்ளகிட்ட கேட்டனுங்க. எங்கம்மாவுக்குத் தனியா இருக்கத்தான் புடிக்கும் அத்தே, கேட்டாச்சு, வேண்டாம்னுட்டாங்க, அவங்க படிச்சவங்க, அவங்க முடிவை நாம மதிக்கோணும்னு சொல்லிப்போட்டாரு. சொல்றப்ப மொகத்துல என்ன பெருமைங்கறீங்க."

பெருமை. என் பிள்ளை ஊர் முழுக்க என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான். மெல்லுவதை நிறுத்தினேன். ஒரு துணுக்கு வெல்லம் பல்லிடுக்கில் நின்று கரைந்தது. அவள் மூட்டையை என் கட்டிலிலேயே வைத்தாள். பிறகு சேலையை உதறிக்கொண்டு எழுந்து முகம் கழுவப் போய்விட்டாள்.

எழில் நாலேகாலுக்கு வந்தான். முழங்கால் வரை பேண்ட்டை மடித்துவிட்டிருந்தான், கையில் நான்கு கண்டல் கன்றுகள், கன்று என்றால் இலையெல்லாம் இல்லை, முருங்கைக்காய் மாதிரி நீளமாகப் பச்சைத் தண்டு, நுனியில் ஒரு முளை. தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்துவிடுமாம், பிறகுதான் விழுமாம், சேறு கிடைக்கும்வரை எத்தனை மாதமானாலும் கடலில் மிதக்குமாம், காலையில் சொன்னார்கள். அவன் தலையில் நரை. பக்கவாட்டில் பார்த்தால் அவன் அப்பா. "அத்தே, ரெடியா? தாரணி முன்னாடி போயிட்டா" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மா, வரியா? சேறு முழங்கால் வரைக்கும் இருக்காம். முடியலன்னா வேண்டாம்" என்றான்.

"நீங்க போயிட்டு வாங்கப்பா. நான் இங்கயே இருக்கேன்." நான் சொல்லவில்லை, நாக்கு சொன்னது. அறுபத்து நாலு வருஷம் பழகிய நாக்கு.

"சரிம்மா" என்றான்.

உறையூர் டம்ளர் மறுபடியும் கவிழ்ந்தது. அவன் திரும்பினான். மரகதம் அம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவன் தோளைப் பிடித்துப் படி இறங்கினாள், இறங்கும்போது ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தாள். பலகைப் பாதையில் இரண்டு பேர் நடக்கிற சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று. அவன் அவளுக்காக மெதுவாக நடக்கிறான். ஏழு, எட்டு. அங்கே என்னவோ சொல்லியிருக்கிறாள், சிரிக்கிறான். பதினொன்றாவது பலகை ஆணி விட்டது, அது டக் என்று எழும்பித் தட்டும். தட்டியது. நாளை படகு. நாளை மறுநாள் குழாய் சொட்டுகிற குளியலறை. அதற்கும் மறுநாள் ஆசாரி, சுவரோடு சுவராக. கேட்டால் அலைஞ்சது. கேட்காவிட்டால் என்ன பேர்? அதற்கு அம்மா பேரே சொல்லித் தரவில்லை. எப்போது எழுந்தேன், எப்போது வாசலுக்கு வந்தேன், தெரியவில்லை. கையில் இன்னொரு கச்சாயம் பாதி கடித்தபடி இருந்தது.

"எழிலு" என்றேன். கடல் வாங்கிக்கொண்டது. அவனுக்குக் கேட்கவில்லை, போய்க்கொண்டே இருந்தான். நான் யாரையும் இரண்டாம் முறை கூப்பிட்டதில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"எழிலு!"

திரும்பினான். பயந்துவிட்டான் போல, இரண்டு மூன்று பலகை வேகமாக என்னை நோக்கி வந்தான். "என்னம்மா? என்னாச்சு?"

"இன்னொரு தடவை கேளு."

"என்னது?"

"கேளுன்னா கேளேன்."

அவனுக்குப் புரியவில்லை. முகத்தில் ஆறு வயதுக் குழப்பம். பின்னால் மரகதம் அம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு, "கேளுங்க மாப்ள, வாயில என்ன முத்தா கொட்டிப்போவும்?" என்றாள். அப்போதும் ஒரு முள் குத்தியது, இதற்கும் இவள் சிபாரிசு வேண்டியிருக்கிறதே என்று. குத்தட்டும்.

"செடி நட வரியாம்மா?" என்றான் எழில், கொஞ்சம் சிரித்துக்கொண்டு, விளையாட்டுக்குச் சொல்வதுபோல.

"அது இல்ல" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது, உடைந்து, சத்தமாக, மற்ற குடில்களில் இருக்கிறவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி. "அன்னிக்கு நம்ம வீட்டுச் சமையல்கட்டுல, காபி குடிச்சிக்கிட்டு நின்னுக்கிட்டே ஒண்ணு கேட்டியே. நான் கீரை ஆஞ்சுக்கிட்டிருந்தேனே. அதைக் கேளு."

அவன் சிரிப்பு நின்றது. என்னையே பார்த்தான். பிறகு குனிந்து, கையிலிருந்த கன்றுகளைப் பலகையின் மேல் வைத்தான்.